பின்வரிசையிலிருந்து பாய்ந்த பிளாங்கோ

1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த பாகூர்ப் பக்கத்தில், பிரான்ஸ் விளையாட்டு என்றால் கால்பந்துதான். ஜிடானைத் தெரியாத இளைஞர் குறைவு. ஆனால் அந்நாட்டின் தென்மேற்குச் சீமை ரக்பிக்கே உயிரைக் கொடுக்கும். அங்கே விளையாடிய செர்ஜ் பிளாங்கோவை நம் பையன்கள் அவசியம் பார்க்க வேண்டும்.

சோரியாங்குப்பத்தில் கபடி ஆடியவருக்கு ரக்பி சட்டென்று பிடிபடும். பாடிப் போனவன் பிடியை உதறிக் கோட்டைத் தொடுகிறான் அல்லவா? ரக்பியில் பந்தோடு எதிரணிக் கோட்டைத் தாண்டி, அதைத் தரையில் அழுத்தினால் ‘டிரை’. கையால் பந்தை முன்னோக்கிக் கொடுக்க மட்டும் கூடாது.

பிளாங்கோ 1958-இல் வெனிசுலாவின் கராகஸில் பிறந்தவர். அப்பா வெனிசுலாக்காரர், சீக்கிரமே காலமானார். பாஸ்க் இனத்தவரான அம்மா பிள்ளையோடு பிரான்சின் பியாரிட்ஸ் நகரத்துக்கு வந்துவிட்டார். அந்த ஊர் அணிதான் அவருக்குக் கடைசிவரை.

அவர் ஆடிய இடம் ஃபுல்பேக். எல்லாருக்கும் பின்னால் நின்று காக்கிற வேலை. எதிரணி உதைத்த பந்தைப் பிடித்தால், திருப்பி உதைத்துவிட்டு ஆபத்தைத் தள்ளிப்போடுவதே பத்திரமான வழி. பிளாங்கோவோ அங்கிருந்தே ஓடுவார். அந்தத் துணிச்சல்தான் என்னை அவர்பால் இழுத்தது.

1987 ஜூன் 13. முதல் உலகக் கோப்பையின் அரையிறுதி, சிட்னி. ஆஸ்திரேலியாவும் பிரான்சும் 24-24. ஆட்டம் முடியும் தறுவாயில் பந்து பிரெஞ்சுக் கைகளில் மாறி மாறி வந்தது. இடது ஓரத்தில் பிளாங்கோ வாங்கினார். குறுக்கே பாய்ந்துவந்தார் ஆஸ்திரேலியாவின் டாம் லாட்டன். அவர் மேலே விழுவதற்குள் மூலையில் பந்தை அழுத்திவிட்டார் பிளாங்கோ. அப்போது டிரைக்கு 4 புள்ளி. அடுத்த உதைக்கு 2. 30-24! இறுதியில் நியூசிலாந்திடம் தோற்றாலும் பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் பேசுவது அந்த மூலையைப் பற்றித்தான்.

1980 முதல் 1991 வரை நாட்டுக்காக 93 ஆட்டங்கள், 38 டிரைகள். அந்த 38-ஐப் பிரெஞ்சு வீரர் டாமியன் பெனோ தாண்ட 2025 நவம்பர் ஆனது.

நாட்டுக்காக இவ்வளவு ஆடியவருக்கு ஊருக்காக ஒரு தேசியப் பட்டம் வாய்க்கவில்லை. 1992-இல் அவருடைய கடைசி ஆட்டமே பிரெஞ்சு சாம்பியன்ஷிப் இறுதி. தூலோனிடம் 14-19 என்று தோற்றது பியாரிட்ஸ். பத்தாண்டு கழித்து, 2002-இல், அந்த அணி பட்டம் வென்றது. 2005, 2006-இலும் வென்றது. அந்த மூன்று முறையும் பிரான்சின் தொழில்முறை ரக்பி லீகுக்குத் தலைவராக இருந்தவர் பிளாங்கோ.