மாகறலில் வீசிய கவர், கடலில் என்ன ஆகும்?

"ஆத்துல போட்டா வெள்ளம் அடிச்சுக்கிட்டுப் போயிடும்" என்று சொல்வோம். சரி, எங்கே போகும்?

காஞ்சிபுரம் மாவட்டத்தின் மாகறல், செய்யாற்றங்கரை ஊர். இங்கே தெருவில் விழும் பூ கவரும் கற்பூர பாக்கெட்டும் மழை வெள்ளத்தில் செய்யாற்றில் இறங்கினால், திருமுக்கூடலில் பாலாற்றோடு சேரும். பிறகு கல்பாக்கத்தை அடுத்த வயலூர் அருகே வங்கக் கடல்தான்.

கடலில் நடப்பது என்ன?

● வெயில்: புற ஊதாக் கதிர்கள் பட்டுப் பட்டு பிளாஸ்டிக் வெளிறி, நொறுங்கும் பதத்துக்கு வரும்.
● அலை: மணலிலும் பாறையிலும் மோதி உடையும். 5 மில்லிமீட்டருக்கும் சிறிய துண்டுகளே 'மைக்ரோபிளாஸ்டிக்'.
● ஆழம்: மிதக்கும் கவரின் மேல் பாசி படிந்தால் கனம் கூடி மூழ்கும். கீழே வெயிலும் இல்லை, சூடும் இல்லை. அதனால் உடைவதுகூட மெதுவாகிவிடும்.

கவனியுங்கள்: உடைவது வேறு, மக்குவது வேறு. நம்ம ஊர் பட்டு நூல் ஒரு புரதம். நுண்ணுயிர்கள் அதைத் தின்று மக்கச் செய்யும். பாலித்தீனை அவற்றால் எளிதில் தின்ன முடியாது. கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறிதானாலும் அது பிளாஸ்டிக்தான்.

இதனால் நமக்கு என்ன?

முழு கவரை ஜெல்லிமீன் என்று நினைத்து கடல் ஆமை விழுங்கும். பொடியான துகளை மிதவை உயிரிகள் தின்னும், அவற்றை மீன் தின்னும். மீனை நாம் சாப்பிடுகிறோம். துகளான பிறகு கடலில் இருந்து அதை அள்ளி எடுப்பது நடக்காத காரியம். கரையிலேயே தடுப்பதுதான் வழி.

'மக்கும் கவர்' வாங்கினால் போதுமா?

போதாது. அவற்றில் பல, சுமார் 60 டிகிரி சூடுள்ள உரக்கூடங்களில் மக்குவதற்காகச் செய்யப்பட்டவை. கடலில் அந்தச் சூடு கிடையாது.

நீங்கள் செய்ய வேண்டியது

● கேரி பேக், பிளாஸ்டிக் கப், தட்டு, உறிஞ்சுகுழல் உள்ளிட்ட ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. கடையில் கொடுத்தாலும் "வேண்டாங்க" என்று சொல்லுங்கள்.
● 2021 டிசம்பரில் தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தை நினைவில் வையுங்கள். போன், பர்ஸ் எடுக்கும்போதே ஒரு துணிப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள்.
● பால் கவர், பிஸ்கட் உறை போன்றவற்றைக் கழுவிக் காயவைத்து, மக்காத குப்பையாகத் தூய்மைக் காவலரிடம் கொடுங்கள். எரிக்காதீர்கள், நச்சுப்புகை வரும்.
● பருவமழைக்கு முன்பே வீட்டு வாசல் வாய்க்காலில் கிடக்கும் கவர்களை எடுத்துவிடுங்கள். தண்ணீர் வந்த பிறகு அவை உங்கள் கைக்கு எட்டாது.