துண்டுகளை ஒன்றாக்கும் லிகேஸ்

உயிரணு இரண்டாகப் பிரியுமுன் தன் டி.என்.ஏ.யின் ஈரிழைகளையும் பிரதி செய்துகொள்கிறது என்பதையும், அப்பிரதியை எழுதும் பாலிமரேஸ் என்ற என்ஸைமை 1956-ல் பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுத்த ஆர்தர் கார்ன்பெர்க் 1959-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார் என்பதையும் விஞ்ஞானப் பிரியர்கள் அறிவார்கள். ஆனால் பாலிமரேஸுக்குக் கிடைத்த கீர்த்தியில் காற்பங்குகூட, அது எழுதிய துண்டுகளை ஒன்றாக்கும் லிகேஸுக்குக் கிட்டவில்லை.

பாலிமரேஸ் மகா சமர்த்தன்தான்; எனினும் ஒரே திசையில் மட்டுமே அதற்கு எழுத வரும். டி.என்.ஏ.யின் இரண்டு இழைகளோ ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் ஓடுபவை. ஆகவே, ஹெலிகேஸ் என்ற மற்றோர் என்ஸைம் முறுக்கைப் பிரித்துக்கொண்டே முன்செல்ல, ஓர் இழையின் பிரதி தடையின்றி நீண்டுகொண்டு போகும். மற்றதன் கதியோ, இடமிருந்து வலமாகவே எழுதப் பழகியவன், வலக்கோடியிலிருந்து சிறிது சிறிதாக உறை விலக்கப்படும் ஓலையைப் பார்த்தெழுத நேர்ந்ததைப் போன்றது. வெளிப்பட்ட பகுதியை எழுதிவிட்டு, பிறகு இடப்புறம் தாவி, முன் எழுதியதைத் தொடும்வரை மீண்டும் எழுத வேண்டும். ஒவ்வொரு துண்டும் ஆர்.என்.ஏ.யாலான சிறு துணுக்கில் தொடங்கும். அது பின்னர் அகற்றப்பட்டு, அவ்விடம் டி.என்.ஏ.யால் நிரப்பப்பட்ட பிறகும், துண்டுக்கும் துண்டுக்கும் இடையே ஒரே ஒரு பிணைப்புக் குறைந்து நிற்கும். அந்தப் பிணைப்பை இட்டு முடிப்பதே லிகேஸின் தொழில்.

1967-ல் அமெரிக்க ஆராய்ச்சிசாலைகள் சிலவற்றில் ஏறக்குறைய ஒரே காலத்தில் கண்டறியப்பட்ட இந்த என்ஸைம் எவ்வளவு அவசியமானது என்பதை, அடுத்த ஆண்டே ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் ரெய்ஜி ஒகசாகியும் அவர் மனைவி சுனேகோவும் தம் சகாக்களுடன் அழகாக நிரூபித்தனர். வெப்பம் ஏறினால் லிகேஸ் செயலற்றுப்போகும் வைரஸ் ஒன்றைப் பாக்டீரியாவுக்குள் செலுத்தி வெப்பத்தை ஏற்றியபோது, புதிய டி.என்.ஏ. நீண்ட இழையாகாமல் துண்டு துண்டாகவே குவிந்து கிடந்தது. ஹிரோஷிமா அணுகுண்டின் கதிர்வீச்சுக்கு இளமையில் ஆளான ரெய்ஜி, 1975-ல் ரத்தப் புற்றுநோயால் 44 வயதில் காலமானார்; அவர் விட்ட இடத்திலிருந்து ஆராய்ச்சியைச் சுனேகோ தொடர்ந்து நடத்தினார்.

டி.என்.ஏ.யைக் குறித்த இடத்தில் வெட்டும் என்ஸைம்களில் ஒன்றை 1970-ல் ஹாமில்டன் ஸ்மித் விளக்கிய நாள் முதல், உலகம் அவற்றையே வியந்து பேசுகிறது. வெட்டியதை இணைக்க முடியாவிட்டால் அந்த வித்தையால் யாருக்கு என்ன லாபம்? 1978-ல் மனித இன்சுலினுக்குரிய ஜீனைப் பாக்டீரியாவுக்குள் புகுத்திய விஞ்ஞானிகள், அந்த ஜீனை லிகேஸைக் கொண்டே இணைத்தார்கள். அவ்வழியில் தயாரான இன்சுலினுக்கு 1982-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.