ஒன்று கூடினாலும்... ஒன்று குறைந்தாலும்...

(இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை)



லேத்தும் மில்லிங்கும் படிக்கிறவனுக்கு மனித உடம்பைப் பற்றி எழுத என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் பேங்க் நோட்டீஸ் வந்தாலும் சரி, டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு வந்தாலும் சரி, சொந்தக்காரர்கள் என்னிடம்தான் நீட்டுவார்கள். அப்படி ஒருநாள் என் அத்தை வந்தார். அவருக்கு நாற்பத்தொரு வயதில் பிறந்த கடைசிப் பையனுக்கு ‘டவுன் சிண்ட்ரோம்’ என்று சீட்டில் எழுதியிருந்தது.

ஊரில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கிரகணத்தன்று வெளியே வந்துவிட்டாள் என்றார் ஒருவர். குலதெய்வத்துக்கு நேர்ந்ததைச் செய்யவில்லை என்றார் இன்னொருவர். அத்தையின் மாமியாரோ, “அவ வயித்துல இருக்குற கோளாறு” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

அத்தை என்னிடம் கேட்டது ஒன்றுதான். “ஏஞ்சாமி, நீ படிக்கற புள்ளதான? நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு நீயாவது சொல்லு.”

எனக்குப் பதில் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. பக்கத்து வீட்டு அக்காவின் பிளஸ் டூ உயிரியல் புத்தகத்தில் ஆரம்பித்து, நூலகத்தில் மூன்று மாதம் தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாற்பத்தாறு என்ற கணக்கு

நம் உடம்பு கோடானுகோடி செல்களால் ஆனது. ஒவ்வொரு செல்லின் உட்கருவிலும் 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. அம்மாவிடமிருந்து 23, அப்பாவிடமிருந்து 23. ஆக 23 ஜோடி. இதில் 22 ஜோடிகளுக்கு 1 முதல் 22 வரை நம்பர் உண்டு. கடைசி ஜோடி ஆணா பெண்ணா என்பதோடு சம்பந்தப்பட்டது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய்.

இந்த எண்ணிக்கையையே உலகம் ரொம்ப நாள் தப்பாக எண்ணியது என்றால் நம்புவீர்களா? 48 என்றுதான் பல வருஷம் பாடப் புத்தகங்களில் இருந்தது. 1956-ல் சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில் ஜோ ஹின் சியோ, ஆல்பர்ட் லெவான் என்ற இருவர்தான் 46 என்று சரியாக எண்ணிக் காட்டினார்கள்.

நம் ஒர்க் ஷாப்பை வைத்துச் சொல்கிறேன். ஒரு மெஷினுக்கு 23 டிராயிங் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு காப்பி. ஒரு காப்பிக்கு ஐம்பது பீஸ் என்று ஷாப்பில் வெட்டுகிறார்கள். மூன்றாவது காப்பி ஒன்று தவறி உள்ளே வந்துவிட்டால் அந்தப் பாகங்கள் மட்டும் நூறுக்குப் பதில் நூற்றைம்பது வரும். ஒரு காப்பி தொலைந்தால் ஐம்பதுதான் வரும். டிராயிங்கில் ஒரு கோடுகூடத் தப்பில்லை. ஆனாலும் அசெம்ப்ளி கெட்டுப் போகும். குரோமோசோம் விஷயமும் இதுதான். அதில் உள்ள மரபணுக்கள் நல்லவையாகவே இருக்கும். அளவுதான் மாறிவிடுகிறது.

எங்கே தவறுகிறது?

கருமுட்டையும் விந்தணுவும் உண்டாகும்போது 46 என்பது பாதியாகி 23 ஆக வேண்டும். ஜோடிகள் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போக வேண்டும். சில சமயம் ஒரு ஜோடி பிரியாமல் சேர்ந்தே ஒரு பக்கம் போய்விடுகிறது. அப்போது ஒரு முட்டையில் 24 இருக்கும், அல்லது 22 இருக்கும். அது சாதாரண விந்தணுவின் 23-உடன் சேர்ந்தால் குழந்தைக்கு 47 அல்லது 45.

அம்மாவின் வயது ஏன் இதில் வருகிறது? நான் அசந்துபோன இடம் இதுதான். ஒரு பெண்ணின் முட்டைகள் எல்லாம் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகத் தொடங்கி, பாதி வேலையில் நின்றுவிடுகின்றன. பல வருஷம் கழித்து, முட்டை வெளிவரும் மாதத்தில்தான் மீதி வேலை தொடர்கிறது. ஆக நாற்பது வயதுப் பெண்ணின் முட்டைக்கும் நாற்பது வயது! குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் புரதங்கள் அத்தனை காலத்தில் தளர்ந்துவிடுகின்றன. வருஷக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியில் ஆயில் சீல் விறைத்துப் போவதில்லையா, அது மாதிரி. டவுன் சிண்ட்ரோம் குழந்தை பிறக்கும் வாய்ப்பு 25 வயதில் சுமார் 1,250 பேரில் ஒருவருக்கு. 35-ல் சுமார் 350 பேரில் ஒருவருக்கு. 40-ல் சுமார் 100 பேரில் ஒருவருக்கு. சின்ன வயது அம்மாக்களுக்கும் இது நேரும். தந்தையின் விந்தணுவிலும் சில சமயம் இதே தவறு நடக்கும்.

யார் பிழைக்கிறார்கள்?

1 முதல் 22 வரை எந்தக் குரோமோசோம் முழுசாக ஒன்று குறைந்தாலும் கரு பிழைப்பதில்லை. ஒன்று கூடினாலும் பெரும்பாலும் அதே கதிதான். முதல் மூன்று மாதத்தில் கலைந்துபோகும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்கு இந்த எண்ணிக்கைக் கோளாறுதான் காரணம். மூன்றாக இருப்பவற்றில் அதிகம் காணப்படுவது 16-ஆம் குரோமோசோம். கரு கலைந்த பெண்ணை, “பாரம் தூக்கினாயா, பப்பாளி தின்றாயா?” என்று துளைக்கிறோமே, இது தெரிந்திருந்தால் கேட்போமா?

ஒன்று கூடியும் பிறப்பு வரைக்கும் வரக்கூடியவை முக்கியமாக மூன்று: 13, 18, 21. ஏன் இந்த மூன்று மட்டும்? 1-ஆம் குரோமோசோமில் சுமார் 2,000 மரபணுக்கள். 21-இலோ இருநூற்றுச் சொச்சம்தான். ஒன்று முதல் இருபத்திரண்டு வரை மரபணு குறைவாக உள்ளவை இந்த மூன்றும்தான். பாகம் குறைவான டிராயிங் கூடினால் சேதமும் குறைவு. அப்படியும் 13, 18 கூடிய குழந்தைகளில் பெரும்பாலோர் ஒரு வயதைத் தாண்டுவதில்லை.

எக்ஸ், ஒய் கதை வேறு. பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்று பெரும்பாலும் சுருட்டி மூடி வைக்கப்படுகிறது. 1961-ல் மேரி லயன் என்ற ஆங்கிலேயப் பெண் விஞ்ஞானி இதைச் சொன்னார். எக்ஸ் கூடினாலும் அதையும் உடம்பு மூடிவிடுவதால் பாதிப்பு குறைகிறது. ஒரே ஒரு எக்ஸ் மட்டும் உள்ள கருக்கள் பெரும்பாலும் கலைந்துவிடும். பிழைத்துப் பிறக்கும் பெண்களுக்கு டர்னர் சிண்ட்ரோம்; உயரம் குறைவாக இருக்கும், கருப்பை நன்றாக இருந்தாலும் சினைப்பை சரியாக வேலை செய்யாது. இரண்டு எக்ஸும் ஒரு ஒய்யும் உள்ள ஆண்களுக்கு கிளைன்ஃபெல்டர் சிண்ட்ரோம். 500 முதல் 1,000 ஆண்களில் ஒருவருக்கு இது உண்டு. பலருக்குக் கல்யாணமாகி, குழந்தை இல்லை என்று டெஸ்ட் எடுக்கும்போதுதான் தெரியவரும். அதுவரை மலடி என்ற பேச்சைக் கேட்டவள் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மாறாத எண், மாறிய ஆயுள்

லண்டன் அருகே வேலை பார்த்த லாங்டன் டவுன் என்ற மருத்துவர் 1866-ல் இந்தக் குழந்தைகளின் சாயலை விவரித்தார். காரணம் 21-ஆம் குரோமோசோம் மூன்றாக இருப்பதுதான் என்று 1959-ல் பாரிஸில் லெஜூன், மார்த் கோட்டியே, டூர்ப்பான் ஆகியோர் காட்டினார்கள்.

இக்குழந்தைகள் நடப்பதும் பேசுவதும் தாமதமாகும். பாதிப் பேருக்கு அருகில் இருதயக் கோளாறு இருக்கும். தைராய்டு, காது, கண் எல்லாம் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1983-ல் இவர்களின் சராசரி ஆயுள் 25 வருஷம். இப்போது சுமார் 60. நண்பர்களே, இதைக் கவனியுங்கள். குரோமோசோம் அன்றும் 47, இன்றும் 47. மாறியது இருதய ஆபரேஷனும், வைத்தியமும், ‘இந்தப் பிள்ளையும் வாழ வேண்டும்’ என்ற எண்ணமும்தான்.

இதைப் படித்த அன்றே அத்தை வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தேன். “அத்தை, நீங்க ஒரு தப்பும் பண்ணல. நீங்க உங்கம்மா வயித்துல இருந்தப்பவே உண்டான முட்டை அது. பிரியறப்போ ஒண்ணு ஒட்டிக்கிச்சு, அவ்வளவுதான்” என்றேன். அப்புறம், “எக்கோ எடுத்தீங்களா?” என்று கேட்டேன். எடுக்கச் சொல்லித்தான் இருந்தார்களாம். “இப்படிப் பொறந்ததுக்கு எதுக்கு அலைச்சல்” என்று வீட்டில் தள்ளிப் போட்டுவிட்டார்கள்.

அத்தை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “இதை எங்க மாமியாகிட்டயும் ஒருக்கா வந்து சொல்லு சாமி” என்றார். சொன்னேன். பாட்டியும் பதில் பேசவில்லை. ஆனால் எக்கோ எடுக்கப் போன அன்று பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறியவர் அவர்தான்.

இருதயத்தில் ஓட்டை இருக்கிறது. அடுத்த மாதம் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

உங்கள் தெருவிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கும். அந்த அம்மாவிடம், “எக்கோ எடுத்தீங்களா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நாம் படித்தது அதற்காவது உதவட்டும்.