காசநோய்க் கிருமியின் மெழுகுப் போர்வை

பத்துப் பேர் படுத்துறங்கும் கொட்டிலில் ஒருவருக்குக் காசநோய் இருந்தால், அவர் இருமும்போது பறக்கும் நுண்துளிகளுடன் கிருமி மற்றவர்களின் நுரையீரலுக்கும் செல்லக்கூடும். ஆயினும் கிருமி புகுந்த அனைவரும் நோயாளிகளாவதில்லை. பெரும்பாலானோரின் உடல் அதனை அடக்கி வைத்துவிடுகின்றது. இது எவ்வாறு நிகழ்கின்றது?

1882 இல் றொபேட் கொக் கண்டுபிடித்த இக்கிருமியை, மெழுகு போன்ற கொழுப்பாலான தடித்த போர்வை மூடியுள்ளது. அது இலகுவில் அழியாதிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அதே போர்வை கிருமியைக் காட்டிக்கொடுக்கவும் செய்கின்றது.

கிருமியை விழுங்கும் வெண்குருதிக் கலங்கள் அதன் துண்டுகளைத் தமது மேற்பரப்பில் ஏந்திக் காட்டும். அவற்றை இனங்கண்டே ‘ரி’ கலங்கள் எனும் காவற்கலங்கள் போருக்கு எழுகின்றன. புரதத் துண்டுகளே இவ்வாறு காட்டப்படுகின்றன என நெடுங்காலம் கருதப்பட்டது. சி.டி.1பி எனும் புரதம் காசநோய்க் கிருமியின் கொழுப்பையும் ஏந்திக் காட்டுகின்றது என்பதை 1994 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர்.

இக்கிருமியின் ஒருவகைக் கொழுப்பில் ஆறு சீனி மூலக்கூறுகள் ஒட்டியிருக்கும். அவற்றிற் சில அகற்றப்பட்ட பின்னரே ‘ரி’ கலம் அதனை இனங்காணும். அகற்றும் வேலையைக் கலத்தினுள் உள்ள ஒரு நொதியம் செய்கின்றது. அதற்குத் துணை நிற்பது சி.டி.1ஈ எனும் மற்றொரு புரதம் என 2005 இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் கண்டனர். அலவாங்கில் தேங்காய் உரிப்பதை நினைத்துப் பாருங்கள். நொதியம் அலவாங்கு என்றால், சி.டி.1ஈ தேங்காயைப் பிடித்துக் கொடுக்கும் கை. இப்புரதம் கலத்தின் மேற்பரப்புக்கு வருவதில்லை. உள்ளே இருந்தே பணி செய்கின்றது.

போசாக்கின்மை, நீரிழிவு போன்றவற்றால் இக்காவல் தளரும்போது, அடங்கிக் கிடந்த கிருமி பெருகத் தொடங்கும். அப்போது மருந்து அவசியம். ஐசோனியசிட் எனும் மருந்து, கிருமி தன் மெழுகுப் போர்வையை ஆக்கவிடாது தடுக்கின்றது. மந்தமாகக் கிடக்கும் கிருமிகள் மெதுவாகவே அழிவதால், வழக்கமாக 6 மாதங்களுக்குப் பல மருந்துகளைச் சேர்த்து உட்கொள்ள வேண்டும். இருமல் நின்றவுடன் மருந்தையும் நிறுத்தினால், எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறலாம்.

இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, சளியில் இரத்தம் ஆகியன இருப்பின் உடனே சளிப் பரிசோதனை செய்யுங்கள். அரசாங்க மார்புநோய்ச் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சை முடியுமுன் வேறிடம் செல்ல நேர்ந்தால், நிலையத்துக்கு அறிவித்து, சிகிச்சை அட்டையையும் கையோடு கொண்டு செல்லுங்கள். புதிய இடத்தில் ஒரு நாளும் தவறாது மருந்தைத் தொடர அது உதவும்.