வளர்கிற அருவி

அருவி பாறையைத் தின்னும். உலகத்து அருவிகளில் பெரும்பாலானவை அப்படித்தான். விழும் நீர் அடிவாரத்தைக் குடைகிறது, மேலே நிற்கும் விளிம்பு பிடிமானம் இழந்து உடைகிறது, அருவி இருந்த இடத்தை விட்டுப் பின்னால் நகர்கிறது. நயாகரா இப்படியே சுமார் 12,000 ஆண்டுகளில் 11 கி.மீ. தூரம் பின்வாங்கியிருக்கிறது. ஆனால் மெக்சிகோவின் தென்கோடியில், சியாபஸ் மாநிலக் காட்டுக்குள் இருக்கும் அகுவா அசுல் அருவிகள் நேர் எதிரான வேலையைச் செய்கின்றன. அங்கே தண்ணீர் பாறையைக் கட்டிக்கொண்டே ஓடுகிறது. இரவு முழுக்க அதன் பக்கத்தில் ஒருவர் படுத்துத் தூங்கினால், விடியும்போது அந்த அருவி கண்ணுக்குத் தெரியாத அளவு வளர்ந்திருக்கும்.

அப்படிப் படுத்துத் தூங்குகிறவர்கள் நிறையப் பேர். அலாஸ்காவிலிருந்தோ கனடாவிலிருந்தோ புறப்பட்டு, வேனையே வீடாக்கிக்கொண்டு தென் அமெரிக்காவை நோக்கிப் போகும் பயணிகளுக்கு சியாபஸ் முக்கியமான நிறுத்தம். பலேங்கே நகரிலிருந்து ஒகோசிங்கோ வழியாக சான் கிறிஸ்டோபல் மலைநகருக்கு ஏறும் 199-ம் எண் நெடுஞ்சாலையில் ஊருக்கு ஊர் வேகத்தடைகள். இருட்டிய பிறகு அந்தப் பாதையில் ஓட்ட யாரும் விரும்புவதில்லை. பலேங்கேயிலிருந்து சுமார் 60 கி.மீ. வந்ததும் பிரதான சாலையை விட்டு ஒரு கிளைச்சாலை சரிவில் இறங்குகிறது. அதன் முடிவில் ஆறு. சுற்றிலும் செல்தால் மொழி பேசும் மாயா மக்களின் ஊர்கள். நுழைவுக் கட்டணம் வாங்குவது, கடை வைத்து வாழைப்பழ வறுவலும் எம்பனாடாவும் விற்பது, வண்டி நிறுத்த இடம் காட்டுவது எல்லாம் அவர்கள்தான்.

பேருந்தில் வருகிற சுற்றுலாக் கூட்டம் இரண்டு மணி நேரத்தில் குளித்துப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும். வேன்காரர்களுக்கு மாலையும் இரவும் விடியலும் கூடுதலாகக் கிடைக்கின்றன. இந்த ஆற்றைப் புரிந்துகொள்ள அந்த நேரம் தேவைப்படுகிறது.

கதை மேலே, மழையில் தொடங்குகிறது. வானத்திலிருந்து இறங்கும் மழைநீர் கொஞ்சம் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு வரும். மண்ணுக்குள் அதைவிட அதிகம் கிடைக்கிறது. மழைக்காட்டின் மண்ணில் வேர்களும் நுண்ணுயிர்களும் ஓயாமல் சுவாசிப்பதால், மண்ணின் துளைகளில் இருக்கும் காற்றில் வெளிக்காற்றைவிடப் பல மடங்கு கரியமில வாயு உண்டு. அதைக் குடித்த நீர் மெல்லிய அமிலமாகிறது. கீழே இருப்பதோ சுண்ணாம்புப் பாறை. ஒரு காலத்தில் கடலடியில் உயிர்களின் ஓடுகளும் கூடுகளும் படிந்து உருவான பாறை அது. அமில நீர் அதைக் கரைத்து, கால்சியத்தைச் சுமந்துகொண்டு, பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் ஓடி, ஓரிடத்தில் ஊற்றாக வெளியே வருகிறது. தெளிந்த நீர்தான். ஆனால் கரைந்த பாறை அதற்குள் இருக்கிறது.

வெளிக்காற்றைத் தொட்டதும் கணக்கு தலைகீழாகிறது. நிலத்தடியில் இருந்த அளவு கரியமில வாயு வெளிக்காற்றில் இல்லாததால், நீரிலிருந்து வாயு தப்பித்து வெளியேறப் பார்க்கிறது. வாயு போய்விட்டால் சுண்ணாம்பைக் கரைத்து வைத்திருக்கும் சக்தியும் போய்விடும். அதிகப்படியான கால்சியம் கார்பனேட் படிகமாகிக் கிடைத்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். போர்வெல் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சரக்குதான். வீட்டில் வாயுவை விரட்டுவது அடுப்பின் சூடு. அகுவா அசுலில் அருவியின் ஆட்டமே அதை விரட்டுகிறது.

அதனால்தான் படிவு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடப்பதில்லை. ஆழமான, அமைதியான நீரில் வாயு மெதுவாக வெளியேறும். ஒரு சிறு மேட்டின் மேல் ஏறி, மெல்லிய ஏடாகப் பரவி, வேகமெடுத்து, நுரைத்துச் சரியும் நீரில் அது விருட்டென்று வெளியேறிவிடும். ஆகவே எங்கே ஒரு சின்னத் தடை இருக்கிறதோ, விழுந்த மரக்கிளையோ உருண்ட கல்லோ எதுவானாலும், அங்கேதான் சுண்ணாம்பு அதிகம் படியும். படிந்ததும் தடை உயரும். உயர்ந்ததும் நீர் இன்னும் ஆட்டமாகச் சரியும். இன்னும் படியும். தடைக்குப் பின்னால் ஆறு தேங்கி ஒரு குளம் பிறக்கிறது. குளம் நிரம்பி வழியும் விளிம்பு எங்கே தாழ்ந்திருக்கிறதோ அங்கே நீர் அதிகம் பாய்வதால் அங்கேயே படிவும் கூடுகிறது. விளிம்பு தானாகவே சமமாகிவிடுகிறது. யாரோ மட்டம் பார்த்துக் கட்டியதுபோல் அடுக்கடுக்காக நிற்கும் அந்தக் குளங்களுக்குக் கொத்தனார் கிடையாது. இப்படி நீர் கட்டும் கல்லுக்கு டிராவர்டைன் என்று பெயர். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வளர்வது சாதாரணம், வாய்ப்பான இடங்களில் சென்டிமீட்டர் கணக்கிலும் வளரும். பாறை என்றாலே கோடி ஆண்டுச் சமாச்சாரம் என்று பள்ளியில் படித்த எனக்கு, ஒரு குழந்தை வளர்ந்து பெரியவளாகும் காலத்துக்குள் ஒரு கையளவு பாறை உண்டாகிவிடும் என்பது இன்னும் பழகாத வியப்பு.

இதில் உயிர்களுக்கும் பங்கு உண்டு. அருவி விளிம்பில் பச்சையாகப் படர்ந்திருக்கும் மாஸ் செடிகளும் நீர்ப்பாசிகளும் ஒளிச்சேர்க்கைக்காக நீரிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்கின்றன. அவற்றின் இழைகள் படிகம் தொற்றிக்கொள்ள ஆயிரக்கணக்கான கொம்புகளைக் கொடுக்கின்றன. கேடிஸ் பூச்சியின் சில இனங்களில், நீருக்குள் வாழும் புழு இரை பிடிக்கப் பட்டு வலை கட்டும். அந்த வலைகூடச் சுண்ணாம்பேறிக் கல்லாகிவிடும். மாஸ் செடியின் அடிப்பகுதி கல்லில் புதைந்து சாக, நுனி வெளிச்சத்தை நோக்கி வளர்ந்துகொண்டே போகிறது. டிராவர்டைன் துண்டு ஒன்றை உடைத்துப் பார்த்தால் உள்ளே இலைத் தடமும் தண்டு இருந்த துளைகளும் தெரியும். அந்தத் துளைகளால் அது கனம் குறைந்தது, எளிதில் உடையக்கூடியதும்கூட. குளிக்கிறவர்கள் விளிம்பில் ஏறி நிற்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை. உறுதியான பாறைபோல் தெரிவது உள்ளே கூடாக இருக்கலாம். விளிம்புக்குக் கீழே நீர் குடைந்த பொந்துகளும் உள்ளிழுக்கும் சுழல்களும் உண்டு. ஆற்றங்கரையில் ஆங்காங்கே நிற்கும் சிலுவைகள் மூழ்கியவர்களின் நினைவாக நடப்பட்டவை.

அகுவா அசுல் என்றால் நீல நீர். அந்த நீலம் எங்கிருந்து வருகிறது? தண்ணீருக்கே இலேசான நீலம் உண்டு. நீர் மூலக்கூறுகள் அதிரும் விதம் சிவப்பு ஒளியைக் கொஞ்சம் விழுங்கிவிடுகிறது. ஒரு டம்ளரில் அது தெரியாது, இரண்டு மூன்று மீட்டர் ஆழத்தில் தெரியும். அகுவா அசுலில் அடித்தளம் வெண்சுண்ணாம்பு என்பதால் உள்ளே போன ஒளி பெரும்பாலும் திரும்பி வருகிறது. நீரில் மிதக்கும் மிக நுண்ணிய கால்சைட், அதாவது கால்சியம் கார்பனேட் படிகத் துகள்கள் நீல ஒளியை இன்னும் சிதறடிக்கின்றன. இரண்டும் சேர்ந்து, சாயம் கரைத்துவிட்டார்களோ என்று ஐயுறும்படியான நிறம். மழைக்காலத்தில் போனால் இதைப் பார்க்க முடியாது. ஜூன் முதல் சில மாதங்களுக்கு மலைமண் கரைந்து வந்து ஆறு டீ நிறமாகிவிடும். டிசம்பருக்கும் மே மாதத்துக்கும் இடையில்தான் நீலம்.

இருட்டிய பிறகு நிறம் போய்விடும், சத்தம் மட்டும் நிற்கும். வேனின் கதவைச் சாத்தினாலும் அது உள்ளே வரும். நீர் பாறையில் மோதும் ஓசை என்றுதான் நாம் எண்ணுகிறோம். அதில் பெரும்பங்கு காற்றுக்குமிழிகளின் ஓசை. நீர் விழும்போது காற்றையும் உள்ளே இழுத்துப் போகிறது. அந்தக் காற்று குமிழியாக மூடிக்கொள்ளும் கணத்தில் சுருங்கி விரிந்து அதிர்கிறது. பெல்ஜியத்தில் பிறந்து நெதர்லாந்தில் வாழ்ந்த வானியலாளர் மார்செல் மின்னார்ட் 1933-ல் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி விநாடிக்குச் சுமார் 3,300 முறை அதிரும், ஒரு சென்டிமீட்டர் ஆரமுள்ளது 330 முறை. சின்னக் குமிழிக்குக் கீச்சுக் குரல், பெரிய குமிழிக்குக் கட்டைக் குரல். ஓரடி உயரப் படியில் சலசலப்பு, உயரமான சரிவில் உறுமல் என்று ஒரே ஆறு பல குரலில் பேசுவது இதனால்தான். கோடிக்கணக்கான குமிழிகள் எல்லா அளவிலும் ஒரே நேரத்தில் ஒலிப்பதால், எந்தத் தனிச் சத்தமும் மேலோங்காத ஒரு போர்வை உண்டாகிறது. அருவி அருகே ஆழ்ந்து தூங்க முடிவது அந்தப் போர்வையால் என்று நினைக்கிறேன்.

அதே போர்வைதான் ஆபத்தும். வெள்ளம் வருகிற சத்தம் அதற்குள் அமுங்கிப் போகும். சுண்ணாம்புப் பாறை நிலத்தில் மழைநீர் மண்ணில் ஊறித் தங்குவதில்லை. வெடிப்புகளிலும் பாதாளக் குகைகளிலும் புகுந்து வேகமாக ஆற்றில் சேர்ந்துவிடும். முகாமிட்ட இடத்தில் நட்சத்திரம் தெரியும்போதே மேலே மலையில் கொட்டிய மழை கீழே வந்து நிற்கலாம். தெரிந்தவர்கள் வண்டி நிறுத்தும் முன் மரங்களைப் பார்ப்பார்கள். கிளைகளில் காய்ந்த புல்லும் குச்சியும் எந்த உயரத்தில் சிக்கியிருக்கின்றனவோ, போன வெள்ளம் அதுவரை ஏறியது என்று பொருள். வண்டி அதற்கு மேல் நிற்க வேண்டும். நீர் திடீரென்று கலங்கினாலோ இலையும் சருகும் மிதந்து வந்தாலோ யோசிக்காமல் மேட்டுக்குப் போய்விட வேண்டும்.

பலேங்கே பக்கம் தங்கினால் விடியலில் வேறொரு சத்தம் எழுப்பும். முதல்முறை கேட்பவர்கள் ஜாகுவார் வந்துவிட்டது என்று பதறுவது உண்டு. கத்துவது கருப்பு ஊளைக் குரங்கு. அதன் தொண்டையில் நாவடி எலும்பு உப்பிப் பெரிய கிண்ணமாகியிருக்கிறது. குரல் அதற்குள் எதிரொலித்துப் பெருகிக் கிலோமீட்டர் கணக்கில் காடு கடந்து போகும்.

பலேங்கேயைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கி.பி. 615 முதல் 683 வரை மன்னர் பக்கால் ஆண்ட அந்த மாயா நகரின் சுவர்களில் சுதைச் சிற்பங்கள் நிறைய உண்டு. சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுட்டுக் கரியமில வாயுவை வெளியேற்றி, நீற்றி, பூசி, காற்றிலிருந்து அதே வாயுவை மெல்லத் திரும்ப உறிஞ்சவிட்டால் பூச்சு மறுபடியும் கல்லாகிவிடும். கல்லைக் கலைத்து வேண்டிய வடிவில் மீண்டும் கல்லாக்கும் வித்தை. நகரத்தின் ஓடைகளிலும் டிராவர்டைன் படிகள் இருக்கின்றன. தீ கொண்டு மனிதர்கள் செய்ததை நெருப்பில்லாமல் செய்துகொண்டிருந்த நீர், அவர்கள் வீட்டு வாசல் வழியாகவே ஓடியிருக்கிறது.

வேன் பயணம் தெற்கே தொடர்ந்தால் குவாத்தமாலாவில் செமுக் சாம்பே வரும். அங்கே ஏறக்குறைய 300 மீட்டர் நீளத்துக்கு டிராவர்டைன் ஒரு பாலமாக நிற்கிறது. காபோன் ஆறு அதன் அடியில் புகுந்து ஓட, பாலத்தின் மேல் பச்சைக் குளங்கள். குரோஷியாவின் பிளிட்விட்சே, சீனாவின் ஹுவாங்லோங், ஆப்கானிஸ்தானின் பந்தே அமீர் எல்லாம் இதே குடும்பம்.

இந்தக் குடும்பத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. நீரில் பாஸ்பேட் சேர்ந்தால் அது வளரும் கால்சைட் படிகத்தின் முகத்தில் ஒட்டிக்கொண்டு அடுத்த அடுக்கு சேரவிடாமல் தடுக்கிறது. போதாக்குறைக்கு, தேவையில்லாத பாசிகளுக்கு உரமாகி, கட்டுமான வேலை செய்யும் மாஸ் செடிகளை மூடியும் விடுகிறது. பாஸ்பேட் எங்கிருந்து வரும்? சில சோப்புத்தூள்களிலிருந்து, சாப்பாட்டு மிச்சத்திலிருந்து, சிறுநீரிலிருந்து. பிளிட்விட்சேயின் ஏரிகளில் இப்போது நீந்தவே அனுமதி இல்லை. வேனில் வருகிறவர்கள் ஆற்றில் பாத்திரம் தேய்ப்பதையும், கழுவு தண்ணீர்த் தொட்டியைக் கரையில் திறந்துவிடுவதையும் நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆற்றிலிருந்து 60 மீட்டராவது தள்ளிப்போய் மண்ணில் ஊற்றினால் மண் அதில் பெரும்பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

1980-லிருந்து அகுவா அசுல் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பகுதி. ஆனாலும் 2017 நவம்பரில் அருவியின் முக்கியமான பகுதி திடீரென்று வற்றியது. ஆறு வேறு கிளை வழியாகத் திரும்பிவிட்டிருந்தது. இரண்டு மாதத்துக்கு முன், செப்டம்பர் 7 அன்று, தெற்கு மெக்சிகோவை 8.2 அளவு நிலநடுக்கம் உலுக்கியிருந்தது. அந்த அதிர்ச்சி, இயல்பான அரிப்பு, மேலே காடு வெட்டப்பட்டதால் வந்து சேரும் வண்டல் என்று பல காரணங்கள் பேசப்பட்டன. நீல நீர் வழிந்த படிகள் வெறும் மஞ்சள் பாறையாக நின்றன. ஊர்க்காரர்கள் ஆற்றில் இறங்கிக் கற்களை நகர்த்தி நீரைப் பழைய வழிக்குத் திருப்ப முனைந்தார்கள். நீர் திரும்பியது. உலர்ந்த படிகளில் மாஸ் முளைத்து மறுபடியும் சுண்ணாம்பைப் பிடிக்கத் தொடங்க வேண்டியிருந்தது. அந்த வேலைக்கு ஆற்றின் வேகம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான்.