படம் எத்தனை நாள் இருக்கும்?
டி.வி.ஆரில் இரண்டாவது ஹார்டு டிஸ்க் – வணிகர் அறிய வேண்டியவை

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியானாலும் சரி, அறந்தாங்கி, ஆலங்குடி, பொன்னமராவதி கடைத் தெருவானாலும் சரி, கல்லாவுக்கு மேல் ஒரு கேமரா இருப்பது இன்று சாதாரணமாகிவிட்டது. எத்தனை கேமரா என்று கேட்டால் உடனே சொல்லுவோம். பதிவான படம் எத்தனை நாள் இருக்கும் என்று கேட்டால் பலரும் யோசிப்போம். வணிகர்களாகிய நமக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

காரணம் எளிது. டி.வி.ஆர். பெட்டிக்குள் இருக்கும் ஹார்டு டிஸ்க் நிரம்பியதும், பழைய நாளின் படத்தை அழித்துவிட்டு அதன் மேலேயே புதிய படம் பதிவாகும். நம்மைக் கேட்டுக்கொண்டு அழிப்பதில்லை. நமது தொழிலிலோ குறை தெரிய வருவது அன்றைக்கல்ல. இருப்பு எடுப்பது மாதம் ஒரு முறை. 30 நாள் தவணைக்குச் சரக்கு வாங்கியவர், பில் பணம் கேட்கும்போதுதான் "அன்றைக்கு இரண்டு மூட்டை குறைவாக வந்தது" என்பார். ஆதனக்கோட்டை முந்திரி ஒரு டின் குறைந்தாலும் அது சிறிய தொகை அல்ல. அந்த நேரத்தில் படம் இல்லையென்றால் பழி யார் மேல் விழும்? சரக்கு இறக்கிய சுமைதூக்குபவர் மேலும், கடைப் பையன் மேலும்தான். குற்றவாளியைப் பிடிப்பதற்கு மட்டுமல்ல, குற்றமில்லாதவனைக் காப்பாற்றவும் படம் வேண்டும்.

கணக்குப் போடுவது எப்படி?

டி.வி.ஆர். மெனுவில் ஒவ்வொரு கேமராவுக்கும் 'பிட்ரேட்' என்று ஓர் எண் இருக்கும். 2048 என்றிருந்தால் 2 என்றும், 4096 என்றிருந்தால் 4 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அதை 10.8 ஆல் பெருக்கினால், இடைவிடாமல் பதியும் ஒரு கேமரா ஒரு நாளைக்கு எடுத்துக்கொள்ளும் இடம் ஜி.பி. கணக்கில் கிடைக்கும்.

8 கேமரா, பிட்ரேட் 2 என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 173 ஜி.பி. ஆகும். உள்ளே 2 டி.பி. டிஸ்க் (அதாவது 2,000 ஜி.பி.) இருந்தால் 11 நாள்தான் தாங்கும். அதனுடன் 6 டி.பி. டிஸ்க் ஒன்றைச் சேர்த்தால் மொத்தம் 8 டி.பி.; சுமார் 46 நாள் நிற்கும். மாதாந்திர இருப்பும், 30 நாள் தவணையும் அதற்குள் அடங்கிவிடும்.

செலவு செய்வதற்கு முன் ஒன்று பாருங்கள். பெட்டியும் கேமராவும் எச்.265 முறையில் பதியக்கூடியவையா? அப்படியானால் பழைய எச்.264 முறையை விட ஏறக்குறைய பாதி இடமே போதும். ஆள் நடமாடும்போது மட்டும் பதியும் வசதியும் உண்டு. அது இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால் சிறு அசைவைத் தவறவிடலாம். கல்லாவுக்கும் குடோன் வாசலுக்கும் இடைவிடாத பதிவே நல்லது.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

முதலில், பெட்டிக்குள் இரண்டாவது 'சாட்டா' இணைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 4, 8 கேமராவுக்கான சிறிய பெட்டிகளில் பெரும்பாலும் ஒரே இணைப்புதான் இருக்கும். அதில் இரண்டாவது டிஸ்க்குக்கு வழியில்லை. பழையதைக் கழற்றிவிட்டுப் பெரிய டிஸ்க் ஒன்றைப் போட வேண்டும். கழற்றிய டிஸ்க்கைத் தேதி எழுதி ஒரு மாதமாவது பத்திரமாக வையுங்கள். அதில் பழைய படம் இருக்கிறது.

இரண்டாவதாக, ஓர் இணைப்புக்கு அதிகபட்சம் எத்தனை டி.பி. ஏற்கும் என்பதைப் பெட்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவதாக, அடாப்டர். டிஸ்க் சுழலத் தொடங்கும் சில விநாடிகளில் அதிகக் கரண்ட் இழுக்கும். அடாப்டருக்குச் சக்தி போதாவிட்டால் பெட்டி அடிக்கடி நின்று நின்று ஓடும்.

நான்காவதாக, கம்ப்யூட்டருக்கான சாதாரண டிஸ்க் வேண்டாம். 24 மணி நேரமும் எழுதுவதற்கென்றே கண்காணிப்பு டிஸ்க்குகள் வருகின்றன. டபிள்யூ.டி. பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்றவை அந்த வகை. பில்லும் உத்தரவாதமும் இல்லாமல் வாங்காதீர்கள்.

பொருத்தும்போது

பெட்டியை மெனு வழியாக நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிய பிறகே மூடியைக் கழற்ற வேண்டும். டிஸ்க்கை ஸ்குரு போட்டு இறுக்கி, டேட்டா கேபிள், பவர் கேபிள் இரண்டையும் செருக வேண்டும். பெட்டியை மீண்டும் போட்டதும் மெனுவில் இரண்டு டிஸ்க் தெரியும். புதியதை மட்டும் 'ஃபார்மட்' செய்ய வேண்டும். கை தவறிப் பழையதைச் செய்தால் உள்ள படமெல்லாம் போய்விடும். வேலை செய்பவர் பக்கத்தில் நின்று, எந்த டிஸ்க் எத்தனை டி.பி. என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

சில பெட்டிகளில் 'இத்தனை நாளுக்கு மேல் அழித்துவிடு' என்ற அமைப்பும் இருக்கும். அது 7 நாள் என்றிருந்தால் எத்தனை டிஸ்க் போட்டும் பயனில்லை. மேலும், இரண்டு டிஸ்க் என்றால் இரண்டு பிரதி என்று நினைத்துவிட வேண்டாம். ஒன்று பழுதானால் அதிலிருக்கும் படம் போனதுதான். முக்கியமான சம்பவத்தை அன்றே பென் டிரைவில் எடுத்து வையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

காவல் நிலையங்களின் கேமராப் பதிவை 18 மாதமும், அதற்கு வசதியில்லாவிட்டால் குறைந்தது ஓராண்டும் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 2ஆம் தேதி உத்தரவிட்டது. அது கடைகளுக்கான உத்தரவு அல்ல. ஆனாலும் பதிவு இருப்பது மட்டும் போதாது, தேவைப்படும் நாள் வரை நிற்க வேண்டும் என்பது அதிலிருந்து விளங்குகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி, படத்தின் பிரதியை நீதிமன்றத்தில் சாட்சியமாகக் கொடுக்க உரிய சான்றிதழும் இணைக்க வேண்டும். எனவே வழக்கு என்று வந்தால் மூல டிஸ்க்கைத் தொடாமல், காவல்துறையிடமும் வழக்கறிஞரிடமும் கேட்டு நடப்பதே நல்லது. பெட்டியில் தேதியும் நேரமும் சரியாக இருக்கட்டும். நேரம் தவறான படம் நமக்கு எதிராகவே திரும்பும்.

தராசின் முள்ளைப் பார்க்காமல் நாம் சரக்கு நிறுப்பதில்லை. அதுபோல வாரம் ஒரு முறை, பெட்டியில் உள்ள மிகப் பழைய தேதியைத் தேடி ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். அந்தத் தேதி நமது கடைசி இருப்புக் கணக்குக்கு முந்தியதாக இருந்தால் கேமராவுக்குப் போட்ட முதல் வீணாகவில்லை. பிந்தியதாக இருந்தால் டிஸ்க் போதாது என்று பொருள்.