தொங்கு நெட்டிலிங்கம்: வீட்டு வளவில் நட்டுப் பேணும் முறை

போர் ஓய்ந்த 2009 ஆம் ஆண்டின் பின்னர் வன்னியில் புதிதாக வீடு கட்டியோர், வாயிலில் அழகுக்காக நடும் மரங்களுள் தொங்கு நெட்டிலிங்கமும் ஒன்று. ஆயினும் நட்டவை யாவும் நிலைப்பதில்லை. முதலிரு கோடைகளில் நீரின்றிப் பட்டுப்போவன பல. தப்பியவற்றையோ பெரும்பாலும் கத்தியே கெடுத்துவிடுகின்றது.

இம்மரம் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது. அன்னமுன்னாவின் குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் இயல்பான வகை கிளை விரித்து நிழல் தருவது. அவ்வகையின் நேரிய தண்டு முற்காலத்தில் பாய்க்கப்பல்களுக்குப் பாய்மரமாக உதவியது. வீட்டுக்கு விரும்பப்படும் தொங்கும் வகையிற் கிளைகள் குறுகி, நிலம் நோக்கித் தண்டையொட்டிச் சரிந்திருக்கும். அலைபோன்ற விளிம்புடைய இலைகள் தளிர்க்கையிற் செப்பு நிறமாயிருந்து பின்னர் கரும்பச்சையாகும்.

இதனை ‘அசோகு’ என அழைக்கும் வழக்கம் பரவலாயுள்ளது. அது தவறு. மருந்துக்குரிய அசோகு, செம்மஞ்சட் பூங்கொத்துக்களையும் கூட்டிலைகளையும் உடைய வேறொரு மரம். இராமகாதையின் அசோகவனத்தோடு சேர்த்துப் பேசப்படுவதும் அதுவே. நெட்டிலிங்கத்தின் பூ வெளிறிய பச்சை, இலைகளிடையே மறைந்திருக்கும். மருந்துக் கடைச் சரக்கிலும் அசோகம் பட்டைக்கு மாற்றாக இதன் பட்டை கலக்கப்படுவதுண்டு. ஆகவே மாதர் நோய்க்கென இதன் பட்டையை உரித்துக் கஷாயம் வைத்தலாகாது.

நன்கு பழுத்துக் கறுத்த பழங்களின் சதையைக் கழுவி நீக்கி, விதையை உடனே நிழலிலுள்ள நாற்றுமேடையில் ஊன்றுக. உலர்ந்த விதை முளைப்புத்திறனை விரைவில் இழக்கும். முளைத்தற்கு ஒரு மாதமோ அதற்கு மேலோ செல்லலாமாதலின் பொறுமை வேண்டும். விதைக்கன்றுகள் அனைத்தும் தாயைப் போலவே அமையுமெனக் கொள்ளற்க. விலைக்கு வாங்குவோர் கிளைகளின் சாய்வைப் பார்த்தே தெரிந்தெடுத்தல் நன்று.

நம் பகுதியிற் கன்று நடுதற்கு ஏற்ற காலம் மாரியின் தொடக்கமாகிய ஐப்பசி. இரண்டடி நீள, அகல, ஆழமுள்ள குழி தோண்டி, மேல்மண்ணுடன் நன்றாக மக்கிய மாட்டெருவைக் கலந்து நிரப்புக. மக்காத எரு கறையானை வரவழைக்கும். வரிசையாக நடின் கன்றுக்குக் கன்று எட்டடியும், வீட்டுச் சுவரிலிருந்து பத்தடியும் விடுக. மின்கம்பியின் கீழ் ஒருபோதும் நடலாகாது. ஆடுமாடு கடியாதபடி கன்றைச் சுற்றி அடைப்பும் வேண்டும். பெயரிலேயே ஒரு மரத்தைத் தாங்கிய பூவரசங்குளத்தில் வேறொன்றையுஞ் சொல்லுதல் தகும்: வேலிக்கும் பசுந்தழைக்கும் உதவும் பூவரசைப் பிடுங்கிவிட்டு இதனை நடுதல் இலாபமன்று. கதியாலை ஊன்றினாற் பூவரசு வளரும். இது அவ்வாறு வளர்வதன்று.

கன்றின் உயிர் கோடையிலேயே சோதிக்கப்படுகின்றது. சோளகக் காற்று வீசும் வைகாசி முதற் புரட்டாதி வரை, முதலிரண்டு ஆண்டுகளுக்கேனும் வாரம் இருமுறை வேர் நனைய நீர் ஊற்றுக. நாடோறும் மேலாகத் தெளித்தலிலும் இஃது மேலானது. அடியில் வைக்கோலோ சருகோ பரப்பி, அது தண்டைத் தொடாமல் நான்கு விரல் இடைவெளி விடுக. ஆவணியில் வீட்டுக் கிணறு வற்றுமாயின், இருபது கன்று நட்டு இழப்பதினும் நான்கை நட்டுக் காப்பதே அறிவு.

மரம் வேரூன்றிய பின் கத்தியை விலக்கி வைக்குக. நுனியை வெட்டினாற் பல கிளைகள் கிளம்பி, கோபுர வடிவம் குலையும். கீழ்க்கிளைகளைக் கழித்தால் அடிப்பாகம் மொட்டையாகிவிடும். அவ்விடம் மீண்டும் நிறைவது அரிது. பட்ட கிளைகளை மட்டும் நீக்குக. குப்பையை மரத்தடியிற் கொளுத்தும் வழக்கத்தையுங் கைவிடல் வேண்டும். வெப்பத்தாற் பட்டை வெடித்து மரம் நலியும்.

தளிர்களைச் சில வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் உண்பதுண்டு. வளர்ந்த மரத்துக்கு அதனாற் பெருங்கேடில்லை. நஞ்சு தெளிக்கத் தேவையில்லை. பழக்காலத்தில் வௌவால்கள் இரவில் வந்து விதைகளை முற்றமெங்கும் உதிர்த்துச் செல்லும். ஆதலின், நெல் காயவிடும் களத்துக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் அருகில் இம்மரத்தை வையாது, படலைப் பக்கத்தில் வைத்தலே பொருத்தமாகும்.